கோட்டையைக் கட்டியது யார்?

1752 செப்டம்பரில் கோவளத்துக் கோட்டையை ராபர்ட் கிளைவிடம் ஒப்படைத்த பிரெஞ்சுத் தளபதி, தன் சொந்த உடைமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போக அனுமதி கேட்டார். கிளைவ் சம்மதித்தார். கோட்டைக்கு வெளியே வந்த உடைமைகளில் பெரும்பகுதி வான்கோழிகளும் மூக்குப்பொடியும். இரண்டும் அவர் வியாபாரம் செய்துவந்த சரக்குகள்.

இதை எழுதி வைத்தவர் ராபர்ட் ஓர்ம். 1728இல் கேரளக் கரையின் அஞ்சுதெங்கில் பிறந்து, சென்னைக் கோட்டையின் ஆலோசனைச் சபையில் இருந்தவர், கிளைவுக்கு நெருக்கமானவர். ஆங்கிலேயர் இந்தியாவில் நடத்திய போர்களைப் பற்றிய அவருடைய வரலாற்றின் முதல் தொகுதி 1763இல் லண்டனில் வெளியானது. அதில் கோவளத்துக்குக் கிடைத்திருப்பது சில பக்கங்கள்தான். ஆனால் இன்றைக்குக் கோவளத்தில் யாராவது கடற்கரையில் நின்று, “இங்கே ஒரு கோட்டை இருந்ததாமே, அது யார் கட்டினது?” என்று கேட்டால், நாம் போய்ச் சேரவேண்டிய இடம் அந்தப் பக்கங்கள்தான்.

கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கேளம்பாக்கம், சிறுசேரி, மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகளில் குடிவந்தவர்கள் முதல் சில வருடங்கள் ஊரைத் தண்ணீர் லாரியாகவும் போக்குவரத்து நெரிசலாகவும் மட்டும் பார்க்கிறார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிவரும்போது கேள்வி பிறக்கிறது. கடற்கரை ஓட்டலுக்குள் ஏன் பழைய கோட்டைச் சுவர்? இவ்வளவு சின்ன ஊரில் இருநூறு வருடத்து மாதா கோயில் எப்படி வந்தது? நபித்தோழர் ஒருவர் இங்கே அடங்கியிருக்கிறார் என்கிறார்களே, உண்மையா? குரோம்பேட்டைக்கு ஏன் அந்தப் பெயர்? (பேட்டையில் இருந்த குரோம் லெதர் கம்பெனியால்.) கேட்பவர்களுக்கு ஆராய்ச்சி நோக்கம் எதுவுமில்லை. வாங்கிய வீட்டுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் ஆசைதான். இந்த ஆசையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒருவர் ஓர் ஊரில் வசிப்பவராக இருந்து அந்த ஊர்க்காரராக மாறுவது பெரும்பாலும் இப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது.

சென்னையில் இந்தக் கேள்விகளை மரியாதையோடு எடுத்துப் பதில் சொல்வதையே வாழ்க்கையின் பிற்பகுதி முழுக்கச் செய்தவர் எஸ். முத்தையா. 1930இல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு, 1968இல் சென்னைக்கு வந்தவர். 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். 1999 முதல் ‘தி இந்து’வில் வாரந்தோறும் ‘மெட்ராஸ் மிசலனி’ எழுதினார். அந்தப் பத்தியில் எனக்குப் பிடித்தது ‘தபால்காரர் கதவைத் தட்டியபோது’ என்று பொருள்படும் தலைப்பில் வந்த பகுதி. வாசகர்களின் கேள்விகளும், முந்தைய வாரப் பதிலுக்கு வந்த திருத்தங்களும் அங்கே வரும். ஒரு கட்டடத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பார். அதில் தாத்தா வேலை பார்த்த பேத்தி ஒருவர் வேறொரு தகவல் எழுதுவார். அதற்கும் இடம் கிடைக்கும். பதில் அந்த வாரத்தோடு முடிந்துவிடாது. 2019 ஏப்ரலில் அவர் மறைந்தபோது சென்னை இழந்தது கேள்வி கேட்க ஒரு முகவரியை. அவர் எழுதியது ஆங்கிலத்தில் என்பதால், காலையில் ஆங்கிலப் பத்திரிகை வரும் வீடுகளிலிருந்தே பெரும்பாலும் அந்தத் தபால்கள் வந்திருக்கும். தமிழில் கடலோடி நரசய்யா ‘மதராசபட்டினம்’ எழுதி ஓரளவு அந்தக் குறையைத் தீர்த்தார். என்றாலும் தாம்பரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பங்களிலும் ஏரிக்கரைகளிலும் எழும் கேள்விகளுக்கு அப்படி ஒரு தபால்பெட்டி இன்றுவரை அமையவில்லை.

கோட்டைக்கு வருவோம். அது டச்சுக்காரர்கள் கட்டியது என்ற பதில் பரவலாக உலவுகிறது. பயணக் குறிப்புகளில் எழுதுகிறார்கள், வழிகாட்டிகள் சொல்கிறார்கள். 1970களில் கோட்டை இருந்த இடத்தில் எழுந்த தாஜ் பிஷர்மேன்ஸ் கோவ் விடுதியைப் பற்றிய எழுத்துகளிலும் அது வருகிறது. ஓர்ம் சொல்வது வேறு. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கட்டிய கோட்டை அது. முஸ்லிம்கள் அதைச் சாதத் பந்தர் என்று அழைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பழைய இடிபாடு ஒன்று இருந்தது, அது ஆஸ்டெண்டு கம்பெனிக்காரர்களுடையது என்கிறார். டச்சுக் கோட்டை பார்க்க வேண்டுமென்றால் இன்னும் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்குப் போக வேண்டும். அங்கே கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகளே இருக்கின்றன.

கேட்டவரிடம் “நவாப் கட்டினது” என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பதிலின் சுவையே அந்தப் பழைய இடிபாட்டில்தான் இருக்கிறது. ஆஸ்டெண்டு, இன்றைய பெல்ஜியத்தின் கடற்கரைப் பட்டணம். அன்றைக்கு அந்தப் பகுதி ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸின் ஆட்சியில் இருந்தது. அந்த ஊர் வணிகர்களின் கப்பல்கள் 1719 வாக்கிலேயே சோழமண்டலக் கரைக்கு வந்து, நவாபிடம் அனுமதி பெற்றுக் கோவளத்தில் கிடங்கு போட்டன. 1722 டிசம்பரில் பேரரசர் அவர்களுடைய கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார். இந்தியாவில் அவர்களுக்கு இருந்த முக்கியமான இடங்கள் இரண்டுதான்: வங்காளத்தில் பாங்கிபஜார், இங்கே கோவளம். சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு நாள் நடையில், ஆஸ்திரியப் பேரரசரின் கொடி பறந்துகொண்டிருந்தது.

அது நிலைக்கவில்லை. ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் இந்தப் புதிய போட்டியைச் சகிக்கவில்லை. பேரரசருக்கோ ஆண் வாரிசு இல்லை. தமக்குப் பிறகு மகள் மரியா தெரசா அரசுரிமை பெறுவதை ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்க வேண்டும் என்பதே அவருடைய பெருங்கவலை. அந்தச் சம்மதத்துக்கு விலையாக 1727இல் கம்பெனியை நிறுத்திவைத்தார். 1731இல் வியன்னா உடன்படிக்கையில் அதைக் கைவிட்டார். வியன்னாவில் ஒரு பெண்ணின் வாரிசுரிமைக்காகக் கோவளத்துக் கிடங்கு பாழடைந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். உலக வரலாறு எங்கோ நடப்பது என்ற எண்ணம் அவர்களுக்கு அன்றோடு போய்விடும்.

ஆஸ்டெண்டு வணிகர்களில் பலர் பேசிய பிளெமிஷ் மொழி, டச்சின் நெருங்கிய உறவு. எனவே கோட்டை டச்சுக்காரர்களுடையது என்ற பதிலுக்குள் அந்தக் கம்பெனியின் மங்கிய நினைவு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். ஊர் வாயில் புழங்கும் தவறான பதிலைக் கேட்டவுடன் தூக்கி எறியக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான். அதன் வேரைத் தோண்டினால் சில நேரம் சரியான பதிலைவிடப் பெரிய ஒன்று அகப்படும்.

நவாபின் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதையையும் ஓர்ம் சொல்கிறார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் இறந்தார். மறு ஆண்டின் தொடக்கத்தில் கோவளத்துக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பல் நங்கூரம் போட்டு, ஆபத்து என்று சைகை காட்டியது. கரையிலிருந்து போனவர்களிடம், மாலுமிகளில் பெரும்பாலோர் நோயில் செத்துவிட்டார்கள், கரையிறங்க விடாவிட்டால் மிச்சமிருப்பவர்களும் சாவார்கள் என்று கெஞ்சினார்கள். நல்ல வெகுமதி கிடைக்கும் என்று நம்பிய கோட்டை அதிகாரி சம்மதித்தார். மெலிந்து நோயாளிகளைப் போலத் தோன்றிய முப்பது பேர் உள்ளே வந்தார்கள். உடைகளுக்குள் கைத்துப்பாக்கிகள். அன்றிரவே கோட்டை அவர்களுடையதாயிற்று.

இரண்டு ஆண்டு கழித்து அதைப் பிடிக்க வந்த கிளைவின் படையும் பெருமைப்படத் தக்கதாக இல்லை. லண்டனிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய இருநூறு பேர், புதிதாகச் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்கள். முதல் மோதலிலேயே அதிகாரி ஒருவர் விழ, மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஒரு குண்டு பாறையில் பட்டுத் தெறித்த சில்லுகளில் பதினான்கு பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். மற்றவர்கள் நடுங்கிப்போனார்கள். காவலுக்கு நிறுத்திய ஒருவன் பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றுக்குள் ஒளிந்திருக்கக் கண்டுபிடிக்கப்பட்டான். அப்படியும் கோட்டை விழுந்தது. உள்ளே ஐம்பது பெரிய பீரங்கிகள் கிடந்தன. 1746இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயக் கம்பெனி பறிகொடுத்தவை அவை. கோட்டை விழுந்தது தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படை வழியில் மறிபட்டுச் சிக்கியது. பிறகு கோட்டையை இடித்துவிட்டார்கள். இப்போது விடுதி வளாகத்தில் காட்டுவது அதன் மிச்சத்தைத்தான்.

இந்தக் கதைகளைச் சொல்லும்போது கேட்பவர்களின் முகம் மலர்வதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. மாதா கோயிலைப் பற்றிக் கேட்பவர்களிடமும் அப்படித்தான். கார்மேல் அன்னை ஆலயத்தை 1808இல் கட்டியவர் ஜான் டிமான்டி, சென்னையில் பெரும் செல்வராக இருந்த போர்த்துகீசிய வணிகர். ஆழ்வார்பேட்டையில் பாழடைந்து கிடந்த டிமான்டி காலனியும் அதன் பேய்க்கதைகளும் 2015இல் ஒரு திரைப்படமாகி, அந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்த மனிதர் 1821இல் இறந்து, தாம் கட்டிய கோவளத்துக் கோயிலிலேயே அடக்கமானார் என்பது படம் பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது. பேயைத் தேடி ஆழ்வார்பேட்டைக்குப் போன இளைஞர்கள் இந்தக் கல்லறையையும் வந்து பார்க்கலாம். சொத்துகளை மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு எழுதிவைத்த அந்த வணிகரின் வாழ்க்கை, பேய்க்கதைக்குக் குறைந்ததல்ல.

தமீமுல் அன்சாரி தர்காவைப் பற்றிய கேள்விக்கு நான் வேறு விதமாகப் பதில் சொல்வேன். நபித்தோழரின் உடல் வைத்த பெட்டி கடலில் மிதந்து வந்து கோவளத்தில் ஒதுங்கியது என்பது நம்பிக்கை. வியாழன், வெள்ளிகளில் அங்கே வந்து நிற்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. நடந்ததா என்று கேட்டால், இது ஆண்டு போட்டுச் சொல்லும் வகைச் செய்தி அல்ல என்று நேராகச் சொல்லிவிடுவேன். ஆனால் ஏன் இப்படி நம்புகிறார்கள் என்ற கேள்விக்குக் கரையிலேயே பதில் இருக்கிறது. இந்தக் கரைக்கு நல்லதும் கெட்டதும் கடல்வழியாகவே வந்தன. அரேபிய வணிகர், ஆஸ்டெண்டு கப்பல், பொய் நோயாளிகள், 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை. புனிதமும் அந்த வழியாகவே வரவேண்டும் என்று ஒரு துறைமுக ஊர் கருதுவதில் வியப்பு என்ன? வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் கடலில் தவித்தவர்கள் காப்பாற்றப்பட்ட கதைகள்தானே வேரோடியிருக்கின்றன.

ஓரிடத்தில் பல நம்பிக்கைகள் கூடி நிற்பதற்குப் பல்லாவரத்தில் ஒரு கல் சாட்சி உண்டு. மலையடிவாரத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த ஐந்து அறைக் குகைக்கோயில் இன்றைக்குத் தர்காவாக இருக்கிறது. மன்னனின் விருதுப் பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன; ஊதுவத்தி எரிகிறது; ஊரார் பஞ்சபாண்டவர் பெயரையும் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். “அப்போ இது உண்மையில் யாரோடது?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகக் கொடுப்பது இன்றைய நாட்டு நிலையில் ஆபத்தான சோம்பேறித்தனம். வெட்டியவன் பெயரையும், பின்னால் வந்தவர்கள் பெயரையும், இன்று விளக்கேற்றுபவர்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். எதையும் விடக் கூடாது. அதே பல்லாவரத்தில் 1863 மே 30இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அதிலிருந்து தொடங்கியது. மகேந்திரவர்மனே அந்த மலைக்கு மிகப் புதியவன்.

இதுவரை சொன்ன பதில்களைத் திரும்பிப் பார்த்தால் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. நவாப், ஆஸ்டெண்டு வணிகர், பிரெஞ்சுக்காரர், கிளைவ், டிமான்டி என்று எல்லாரும் வந்தவர்கள். ஊரைப் பற்றி எழுதியவையோ ஊருக்கு வெளியே, வேறு யாருக்காகவோ எழுதப்பட்டவை. ஓர்மின் பக்கங்களில் பேச்சுத் தந்திரத்தில் ஏமாந்த அதிகாரி வருகிறார், கிணற்றில் ஒளிந்தவன்கூட வருகிறான். அந்தக் கரையில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் பெயரும் வரவில்லை. இந்த வட்டாரத்தைக் கேள்வி கேட்டவர்களும் முதலில் அரசாங்கத்தார்தான். 1763இல் நவாப் முகம்மது அலியிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்ற ஆங்கிலேயக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பி ஊர் ஊராகக் கேட்கவைத்தது. எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, யாருக்கு எவ்வளவு மானியம். பின்னால் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியும் உதவியாளர்களை அனுப்பி ஊர்க்கதைகளைத் திரட்டினார். அந்தச் சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. வரி போடவும் ஆளவும் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு ஊர்க்காரர்கள் பதில் சொன்னார்கள். பதில்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன.

இன்று ஊர்க்காரர் கேட்கிறார் என்றால் அந்த ஓட்டம் திரும்புகிறது. கோவளத்துக் குப்பத்திலிருந்து வரும் கேள்வி ஓட்டல் சுவரைப் பற்றியதாகவும் இருக்காது. “எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம் சார். அதுக்கு எழுத்து ஏதாச்சும் இருக்கா?” என்பதுதான் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏறிய பிறகு இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்தால் கேட்கப்படுவது இல்லை. 2011இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் மீனவர் குடியிருப்புகளையும் அவர்கள் பொதுவாகப் புழங்கும் இடங்களையும் குறிக்கச் சொன்னது. வலை உலர்த்தும் மணலும் படகு ஏற்றும் இடமும் எவ்வளவு காலமாக யாருடையது என்று சொல்ல முடிந்தால்தான் வரைபடத்தில் கோடு சரியாக விழும். இதற்குப் பதில் தேடுவதைவிட அவசரமான வரலாற்று வேலை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை. கிளைவைப் பற்றி இன்னொரு கட்டுரை காத்திருக்கலாம்.

பதிலின் ஒரு பகுதி குப்பத்திலேயே இருக்கிறது. கடலுக்குள் பார் எனப்படும் பாறைத்திட்டு இருக்கும் இடத்தை, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை நேராக வைத்துக் கண்டுபிடிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோபுரம், பனை, மினார் என்று அவர்கள் சொல்லும் அடையாளங்களில், இப்போது இல்லாத மரமும் இடிந்துபோன கட்டடமும் வரும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைச் சொல்லும்போதே எந்த மாதம் எந்த இடத்தில் படகு ஏற்றினார்கள் என்பதும் கூடவே வரும். இதை ஒலிப்பதிவு செய்து, சொன்னவர் பெயரும் தேதியும் போட்டு வைத்தால் அது சான்று. ஓர்மும் தாம் கேட்டதைத்தானே எழுதினார்.

இன்னொரு பகுதி ஓலையில் இருக்கிறது. பர்னார்டின் கணக்கெடுப்புக்கு அடிப்படையான ஊர்க்கணக்கு ஓலைச் சுவடிகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்க் கணக்குகளை எம்.டி. சீனிவாஸும் உடன் உழைத்தவர்களும் 2001இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். விளைச்சலில் கோயிலுக்கும் தலையாரிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் சேரவேண்டிய பங்குகள் அந்தக் கணக்குகளில் எழுதப்பட்டிருக்கின்றன. திருப்போரூர் கோவளத்துக்குப் பக்கத்து ஊர், இன்றைக்குத் தாலுகா தலைமையிடமும் அதுதான். அந்த நூலைப் புரட்டும் கோவளத்துக்காரர் ஒருவர் உடனே கேட்கப்போவது, எங்கள் ஊர் ஓலை எங்கே என்பதாகத்தான் இருக்கும். பல்கலைக்கழகத்தின் சுவடித் துறைக்கு ஒரு கடிதம் எழுதி அதைக் கேட்கலாம். ஊர் பேரில், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு, தமிழில்.